சிறைபிடிப்பில் சிதறிய குடும்பத்தைத் தேட: அமெரிக்க எல்லைப்புற ஆவணங்களுக்கு ஒரு வழிகாட்டி

மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் மேற்கு ஓரத்தில் டீர்ஃபீல்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே தாமஸ் ஃப்ரெஞ்ச் என்றொரு கொல்லர் இருந்தார். 1704 பிப்ரவரி 29, விடியலுக்கு முன், பிரெஞ்சுப் படையினரும் அவர்களோடு சேர்ந்த அபெனாகி, மோஹாக், ஹ்யூரான் வீரர்களும் ஊருக்குள் புகுந்தார்கள். 112 பேரைப் பிடித்துப் பனியில் நடத்தியே கனடாவுக்குக் கொண்டுபோனார்கள். ஃப்ரெஞ்ச் வீட்டுக் கைக்குழந்தை அன்றே கொல்லப்பட்டது. தாய் மேரி வழியில் கொல்லப்பட்டார். தகப்பனும் மூத்த மகளும் மகன் தாமஸும் சில ஆண்டுகளில் ஊர் திரும்பினார்கள். ஃப்ரீடம், மார்த்தா என்ற இரண்டு பெண்கள் கத்தோலிக்கர்களாகி, பிரெஞ்சுக்காரர்களை மணந்து, மொன்ட்ரியால் பக்கத்திலேயே வாழ்ந்து முடித்தார்கள். ஆறு வயதான கடைசிப் பெண் அபிகெயில், காஹ்னவாகே என்ற மோஹாக் ஊரில் வளர்ந்து அங்கேயே தங்கிவிட்டாள்.

ஒரு வீடு மூன்று உலகமாயிற்று. ஆங்கில ஊர்ப் பதிவேடு, பிரெஞ்சுப் பங்குக் கோயில் பதிவேடு, மோஹாக் குல நினைவு என்று அந்தக் குடும்பத்தின் தடயமும் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. அமெரிக்காவில் சம்பந்தம் செய்த நம் குடும்பங்களில், மருமகன் அல்லது மருமகள் வழியில் இப்படி ஒரு மூதாதை இருந்ததாகக் கேள்விப்பட்டுத் தேட வருகிறவர்கள் உண்டு. வரலாற்று ஆர்வத்தில் வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலோர் செய்வது, தெரிந்த ஆங்கிலப் பெயரைத் தேடுபெட்டியில் தட்டுவது. அப்படித் தேடினால் ஊர் திரும்பியவர்கள் கிடைப்பார்கள், தங்கிவிட்டவர்கள் கிடைக்கமாட்டார்கள். பிடிபட்ட சில ஆண்டுகளில் பெயர் மாறிவிடும். நாள், ஊர், வயது, கூடப் பிடிபட்டவர்கள் ஆகியவை மாறுவதில்லை. அவற்றைப் பற்றிக்கொண்டு எப்படித் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: எந்தத் தாக்குதல், எந்தப் போர்?

"என் மூதாதையை இந்தியர்கள் பிடித்துப் போனார்கள்" (அமெரிக்கப் பூர்வகுடிகளை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) என்று மட்டும் குடும்பக் கதை இருந்தால் அதை ஒரு நாளுக்கும் ஓர் ஊருக்கும் கொண்டுவந்து நிறுத்துங்கள். எல்லைப்புறத் தாக்குதல்கள் பெரும்பாலும் போர்க்காலங்களில் நடந்தவை. வில்லியம் அரசரின் போர் 1689 முதல் 1697 வரை, ஆன் அரசியின் போர் 1702 முதல் 1713 வரை, ஜார்ஜ் அரசரின் போர் 1744 முதல் 1748 வரை, பிரெஞ்சு-இந்தியப் போர் 1754 முதல் 1763 வரை. அதன் பிறகு 1763இல் பூர்வகுடித் தலைவர் பான்டியாக்கின் எழுச்சி. நடுவே 1720களில் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் அபெனாகிகளோடு தனியாக ஒரு போரும் நடந்தது.

காலமும் இடமும் தெரிந்தால் பிடிபட்டவர் போன திசையும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். நியூ இங்கிலாந்தில் பிடிபட்டவர்கள் வடக்கே அபெனாகி ஊர்களுக்கோ, மொன்ட்ரியாலை அடுத்த காஹ்னவாகேவுக்கோ, கியூபெக்குக்கோ போனார்கள். 1755 முதல் பென்சில்வேனியா, வர்ஜீனியா எல்லையில் பிடிபட்டவர்கள் மேற்கே ஒஹாயோ ஆற்றுப் பக்கம், டெலவேர், ஷானி, செனெகா மக்களிடம் போனார்கள். முதல் கூட்டத்தைத் தேட பிரெஞ்சுப் பதிவேடு வேண்டும். இரண்டாம் கூட்டத்துக்குப் பிரிட்டிஷ் ராணுவத் தாள்கள் வேண்டும். இந்த ஒரு பிரிவினை பல மாத வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

நாள்காட்டியில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. 1752 வரை ஆங்கிலேயர் பழைய நாள்காட்டியில் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் புதியதில். 1704இல் இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். டீர்ஃபீல்ட் தாக்குதல் ஆங்கிலக் கணக்கில் பிப்ரவரி 29, பிரெஞ்சுக் கணக்கில் மார்ச் 11. அடுத்தது, பழைய ஆங்கிலக் கணக்கில் ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறக்கும். ஆகவே அதே தாக்குதலை 1703 என்று எழுதிய தாளும் 1703/4 என்று எழுதிய தாளும் உங்கள் கைக்கு வரும். மூன்றும் ஒரே நாள்தான். குறிப்பேட்டில் எழுதும்போது ஆவணத்தில் இருப்பதை அப்படியே எழுதி, பக்கத்தில் எந்த நாள்காட்டி என்று குறித்துவிடுங்கள். மனக்கணக்காகத் திருத்தி எழுதினால் பிறகு அவிழ்க்க முடியாது.

மாவட்ட எல்லைகளும் இப்படித்தான். டீர்ஃபீல்ட் இன்று ஃபிராங்க்ளின் கவுண்டியில் இருக்கிறது. ஆனால் அந்தக் கவுண்டி பிறந்தது 1811இல். 1704இன் உயில்களும் சொத்துத் தாள்களும் ஹாம்ப்ஷயர் கவுண்டியினுடையவை. மெய்ன் 1820 வரை மாசசூசெட்ஸோடு சேர்ந்திருந்ததால் வெல்ஸ், யார்க் ஊர்க்காரர்களின் மனுக்கள் பாஸ்டனில் இருக்கின்றன.

இரண்டாவது: வீட்டுப் பட்டியல், வயதோடு

ஒரே ஒருவரைத் தேடாதீர்கள். தாக்குதல் நடந்த அன்று அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வயது என்று ஒரு பட்டியல் போடுங்கள். திருமணம் செய்து பக்கத்து வீட்டுக்குப் போன மகள், தங்கிப் படிக்க வந்த பையன், வேலையாள், அடிமையாக இருந்த கறுப்பினத்தவர் எல்லோரும் அதில் வரவேண்டும். டீர்ஃபீல்ட் போதகர் ஜான் வில்லியம்ஸ் வீட்டில் அடிமைகளாக இருந்த ஃபிராங்க், பார்த்தீனா இருவரும் அந்த நிகழ்ச்சியில் உயிரிழந்தார்கள். பல வம்சாவளிகள் அவர்களை எண்ணுவதே இல்லை.

வயதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பிடிபட்டவரின் கதியைப் பெரும்பாலும் தீர்மானித்தது அதுதான். நடக்க முடியாத கைக்குழந்தைகளும், பிரசவித்து எழுந்த தாய்மாரும் வழியில் கொல்லப்பட்டார்கள். போதகர் வில்லியம்ஸின் மனைவி யூனிஸ் பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர், மறுநாளே கொல்லப்பட்டார். பெரியவர்கள் மீட்புப் பணத்துக்கோ கைதிப் பரிமாற்றத்துக்கோ வைக்கப்பட்டதால் திரும்பினார்கள். நான்கு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், தத்தெடுக்கப்பட்டார்கள். தங்கிவிட்டவர்களில் பெரும்பகுதி இவர்களே. ஃப்ரெஞ்ச் வீட்டிலும் அப்படியே நடந்தது: தாயின் பெயரே கொண்ட 17 வயது மூத்த மகள் மேரியும் 14 வயது தாமஸும் திரும்பினார்கள், 11, 8, 6 வயதுப் பெண்கள் திரும்பவில்லை. இது விதி இல்லை. ஆனால் எந்தப் பெயரை எந்தத் திசையில் முதலில் தேடலாம் என்பதற்கு நல்ல தொடக்கம்.

பிறகு அக்கம்பக்கத்தாரையும் பட்டியலில் சேருங்கள். கூடப் பிடிபட்டவர்கள் பிற்காலத்தில் ஒருவருக்கொருவர் சாட்சியாக, ஞானத்தாயாக, கணவன் மனைவியாக வருவார்கள். டீர்ஃபீல்டில் பிடிபட்ட ஜோசையா ரைசிங் என்ற பையனும் அபிகெயில் நிம்ஸ் என்ற சிறுமியும் மொன்ட்ரியால் அருகில் இருந்த மோஹாக் மிஷனில் வளர்ந்து 1715இல் மணந்துகொண்டார்கள். அவனுடைய பெயர் இஞ்ஞாஸ் ரெய்சென் ஆகியிருந்தது. ரைசிங்கை மட்டும் தேடுகிறவருக்கு ரெய்சென் கண்ணில் படவே மாட்டார். நிம்ஸ் வீட்டுப் பெண்ணையும் சேர்த்துத் தேடுகிறவர் இருவரையும் ஒரே தாளில் பிடித்துவிடுவார்.

இந்தப் பட்டியலைப் போட உதவும் மூலங்கள் பல அச்சில் உண்டு. போதகரின் மகன் ஸ்டீஃபன் வில்லியம்ஸ், பத்து வயதில் பிடிபட்டுத் திரும்பி வந்தவர், பிடிபட்டவர்களின் பெயர்களையும் வழியில் இறந்தவர்கள், திரும்பியவர்கள் யார் என்பதையும் குறித்து வைத்திருக்கிறார். நியூ இங்கிலாந்து முழுவதற்கும் எம்மா லூயிஸ் கோல்மன் 1925இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வுதான் இன்றைக்கும் முதலில் திறக்கவேண்டிய நூல். 1677 முதல் 1760 வரை கனடாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களை ஊர் ஊராக, ஆள் ஆளாகத் தொகுத்திருக்கிறார். கியூபெக் பதிவேடுகளை நேரில் போய்ப் பார்த்து எழுதியவர். அவரை நம்பலாம், ஆனால் அவர் சுட்டும் பதிவேட்டுப் பக்கத்தையும் நீங்களே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது: ஊரில் எஞ்சிய தாள்கள்

பிடிபட்டவரைப் பற்றிய மிக நேர்மையான சாட்சி பெரும்பாலும் அவர் இல்லாத இடத்தில்தான் இருக்கும். தகப்பன் இறக்கிறார், சொத்தைப் பிரிக்கவேண்டும், மகள் கனடாவில் இருக்கிறாள். அவள் பங்கை என்ன செய்வது? உயிலிலும் பாகப்பிரிவினைத் தாளிலும் அதற்கு விடை இருக்கும். திரும்பி வந்தால் இவ்வளவு, வராவிட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு என்று நிபந்தனை எழுதியிருப்பார்கள். ஒரு பிள்ளை உயிரோடிருப்பதாக அந்தக் குடும்பம் எந்த ஆண்டு வரை நம்பியது என்பதை இந்த வரியை வைத்தே சொல்லிவிடலாம். உயில் ஒரு பிரதியாக மட்டும் இருக்காது. சொத்து மதிப்பீடு, நிர்வாகியின் கணக்கு, பாதுகாவலர் பத்திரம் என்று ஒரு கட்டே இருக்கும். கட்டு முழுவதையும் பாருங்கள். கணக்கில் "கனடாவுக்கு ஆள் அனுப்பிய செலவு" என்று ஒரு வரி இருந்தால் அது பொன்.

அடுத்தது மனுக்கள். மீட்புக்குப் பணம் வேண்டும், கனடா போய்வந்த செலவைத் திருப்பித் தரவேண்டும், ஊனமான மகனுக்கு உதவி வேண்டும் என்றெல்லாம் குடும்பங்கள் சட்டமன்றத்துக்கு எழுதின. மாசசூசெட்ஸ் ஆவணக் காப்பகத்தின் பழைய தொகுப்பு 328 தொகுதிகள் கொண்டது. அதன் பக்கங்களைப் படமாகவே ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். டீர்ஃபீல்டைச் சேர்ந்த ஜான் ஷெல்டன் தன் பிள்ளைகளையும் ஊராரையும் மீட்க 1704 கடைசி முதல் 1707க்குள் மூன்று முறை கனடா போனார். அவர் சமர்ப்பித்த செலவுக் கணக்கு கிடைத்திருக்கிறது. யார் எங்கே இருந்தார்கள், யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதைக் கதைப் புத்தகங்களைவிட இப்படிப்பட்ட கணக்குத் தாள் தெளிவாகச் சொல்லும்.

ஆல்பனியை மறக்காதீர்கள். அந்த நியூயார்க் ஊரின் டச்சு வணிகர்கள் மொன்ட்ரியாலோடு போர்க்காலத்திலும் தொடர்பு வைத்திருந்தார்கள். பீட்டர் ஸ்கைலர், ஜொஹானஸ் ஸ்கைலர் போன்றோர் மீட்புப் பேச்சில் இடைநின்றவர்கள். உங்கள் ஆள் பற்றிய முதல் செய்தி ஆல்பனிக் கடிதம் ஒன்றில் இருக்கலாம்.

நான்காவது: கியூபெக் பதிவேடுகள்

இங்கேதான் புதியவர்கள் மிரள்கிறார்கள். உண்மையில் இதுதான் எளிய பகுதி. நியூ பிரான்சின் (அன்றைய பிரெஞ்சுக் கனடாவின்) பாதிரியார்கள் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் எழுதினார்கள். ஒன்று பங்குக்கும் ஒன்று அரசுக்குமாக இரண்டு படி எடுத்ததால் பெரும்பாலானவை பிழைத்திருக்கின்றன. நம் ஊர்க் கத்தோலிக்கப் பங்குகளின் பழைய பதிவேட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அமைப்பு உடனே பிடிபடும்: நாள், பெயர், பெற்றோர், ஞானப் பெற்றோர், கையெழுத்து. பத்திருபது பிரெஞ்சுச் சொற்கள் தெரிந்தால் போதும்.

ஆங்கிலப் பிள்ளை புராட்டஸ்டன்ட் முறையில் ஏற்கெனவே முழுக்குப் பெற்றிருக்கலாம் என்பதால் பாதிரியார் பல இடங்களில் "நிபந்தனையோடு" முழுக்குக் கொடுத்ததாக எழுதியிருப்பார். ஒரு பெரிய பிள்ளைக்கு நிபந்தனை முழுக்கு என்றால் நின்று பாருங்கள். அதே பதிவில் நியூ இங்கிலாந்தில் இன்ன ஊரில், இன்ன நாளில் பிறந்தவள், தகப்பன் பெயர் இது, தாய் பெயர் இது, இன்ன நாளில் பிடிபட்டவள், இப்போது இன்னார் வீட்டில் இருக்கிறாள் என்று விரிவாக எழுதும் வழக்கம் மொன்ட்ரியாலில் இருந்தது. ஊர்ப் பதிவேட்டில் இல்லாத பிறந்த நாள் இங்கே கிடைத்துவிடும். ஞானத்தாயாக இருப்பவரும் முன்பு பிடிபட்ட இன்னொரு ஆங்கிலப் பெண்ணாக இருக்கக்கூடும். அவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயரை எப்படி அடையாளம் காண்பது? ஞானப்பெயர் புதிதாக வரும். ஃப்ரீடம் ஃப்ரெஞ்ச், மரீ ஃபிரான்சுவாஸ் ஆனாள். மார்த்தா, மார்த் மார்கெரித் ஆனாள். 1689இல் நியூ ஹாம்ப்ஷயரின் டோவரில் கைக்குழந்தையாகத் தாயோடு பிடிபட்ட மார்கரெட் ஓட்டிஸ், கிறிஸ்டீன் ஆனாள். குடும்பப் பெயரைப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எனவே ஆங்கிலப் பெயரைப் பிரெஞ்சு நாக்கில் சொல்லிப் பார்த்து, வரக்கூடிய எல்லா எழுத்து வடிவங்களையும் முன்கூட்டியே எழுதி வைத்துத் தேடுங்கள். பிரெஞ்சுப் பதிவேட்டில் பெண்கள் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பது நமக்கு ஒரு பெரிய வசதி. ஆங்கிலப் பக்கம் திருமணத்தோடு மறைந்துபோகும் பெண், இங்கே தன் பிள்ளைகளின் முழுக்கிலும், அவர்கள் திருமணத்திலும், தன் அடக்கத்திலும் தகப்பன் பெயரோடு திரும்பத் திரும்ப வருவாள். மார்த்தா ஃப்ரெஞ்சின் பேரன் ஜோசஃப்-ஒக்டாவ் ப்ளெஸி பின்னாளில் கியூபெக்கின் ஆயரானார். அந்தத் தாய்வழித் தொடர் அறுபடாமல் கிடைப்பது இந்த வழக்கத்தால்தான்.

மொன்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை வரலாற்றுத் திட்டம் இந்தப் பதிவேடுகளை ஆள்வாரியாக இணைத்து வைத்திருக்கிறது. முழு விவரத்துக்குக் கட்டணம் உண்டு. கொடுத்த காசுக்குத் தகும். 1710 மே மாதம் பிரெஞ்சு அரசர் கனடாவில் இருந்த ஆங்கிலேயர் பலருக்குக் குடியுரிமைக் கடிதம் அளித்தார். அந்தப் பட்டியலில் உங்கள் ஆள் இருந்தால், அந்த ஆண்டுவாக்கில் தங்கிவிடும் முடிவில் இருந்தார் என்று பொருள். திருமண ஒப்பந்தங்கள் நோட்டரிகளிடம் இருந்தன, அவை கியூபெக்கின் தேசிய நூலக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பெண்ணைப் பங்குப் பதிவேட்டில் காணவே இல்லை என்றால் கன்னியர் மடங்களைப் பாருங்கள். வெல்ஸில் 1703இல் ஏழு வயதில் பிடிபட்ட எஸ்தர் வீல்ரைட் முதலில் அபெனாகிகளிடம் வளர்ந்தார், பிறகு உர்சுலைன் என்ற சபையின் கன்னியரானார், 1760இல் கியூபெக் மடத்தின் தலைவியானார். கியூபெக் மருத்துவமனையின் நோயாளிப் பதிவேட்டில்கூட ஆங்கிலக் கைதிகளின் பெயர்கள் உண்டு.

ஐந்தாவது: மோஹாக், அபெனாகி ஊர்களில் தங்கியவர்கள்

தாள் குறைவான பகுதி இது. இங்கே அவசரப்படக் கூடாது. முதலில் தத்து என்றால் என்ன என்று புரிந்துகொள்ள வேண்டும். மோஹாக்குகள் உள்ளிட்ட ஹோடனோஷோனி (இரோகுவா) மக்களிடம் குலம் தாய்வழி. இறந்துபோன ஒருவரின் இடத்தை நிரப்ப, துக்கம் காக்கும் குடும்பத்தின் பெண்கள் பிடிபட்டவரை ஏற்றுக்கொள்வார்கள். ஏற்றுக்கொண்ட நாள் முதல் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர், ஒரு குலம், அம்மா, மாமன், அத்தை எல்லாம் உண்டு. நம் குடும்பங்களில் இறந்த பாட்டி பெயரைப் பேத்திக்கு வைத்து அவளைப் பாட்டியாகவே பாவிக்கும் பாசத்தை நினைத்துக்கொண்டால் ஓரளவு புரியும். அதனால்தான் பலர் மீட்க ஆள் வந்தும் போக மறுத்தார்கள். அவர்களை "மீட்கப்படாதவர்" என்று ஒரே சொல்லில் எழுதி முடிப்பது எனக்கு ஏற்பில்லை. அவர்களும் ஒரு குடும்பத்தோடுதான் இருந்தார்கள்.

போதகர் வில்லியம்ஸின் மகள் யூனிஸ் ஏழு வயதில் பிடிபட்டாள். 1713இல் அரோசென் என்ற மோஹாக் இளைஞரை மணந்தாள். அடுத்த ஆண்டு தகப்பனே வந்து அழைத்தும் போகவில்லை. 1740 முதல் சில முறை கணவரோடும் பிள்ளைகளோடும் சகோதரர் ஸ்டீஃபன் வீட்டுக்கு வந்துபோனார். 1785இல் காஹ்னவாகேயில் காலமானார். அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி நமக்குத் தெரிவது ஸ்டீஃபனின் நாட்குறிப்பால். இதில் ஒரு வழி இருக்கிறது: தங்கிவிட்டவரைத் தேட, ஊர் திரும்பிய உடன்பிறந்தவரின் நாட்குறிப்பு, கடிதம், திருச்சபைக் குறிப்பைத் தேடுங்கள். விருந்தாளியாக வந்துபோன நாள் அங்கே இருக்கும்.

சில இடங்களில் குடும்பப் பெயரே பிழைத்திருக்கிறது. 1707இல் குரோட்டனில் பிடிபட்ட டார்பெல் சகோதரர்கள் ஜானும் செக்கரையாவும் காஹ்னவாகேயில் வளர்ந்து, பிறகு அக்வெசாஸ்னே ஊரை உருவாக்கியவர்களில் இடம்பெற்றார்கள். டார்பெல் என்ற பெயர் இன்றும் அங்கே உண்டு. 1704இல் வெஸ்ட்பரோவில் பிடிபட்ட ரைஸ் பையன்களின் பெயரும் அப்படியே. 1697இல் பிடிபட்ட சாமுவேல் கில்லின் மகன் ஜோசஃப்-லூயி கில், ஒடனாக் என்ற அபெனாகி ஊரில் தலைவரானார்.

காஹ்னவாகே, அக்வெசாஸ்னே, ஒடனாக் எல்லாம் இன்று மக்கள் வாழும் ஊர்கள். அங்கே எழுதிக் கேட்கும்போது உங்களிடம் இருக்கும் ஆவணங்களின் படியை முதலில் அனுப்புங்கள், கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள், பதில் வரக் காத்திருங்கள். வம்சத்தைச் சொல்லி உறுப்புரிமை கேட்கும் கடிதங்கள் அங்கே நிறையப் போகின்றன. அப்படி ஒன்றாக உங்கள் கடிதம் தோன்றக் கூடாது. காஹ்னவாகே மிஷனின் தொடக்க காலப் பதிவேடுகள் கிடைப்பதில்லை. 1735 வாக்கில் தொடங்குபவைதான் உள்ளன. ஆகவே அதற்கு முந்தைய திருமணத்தைத் தேடி மாளாதீர்கள், பிள்ளைகளின் பதிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

ஆறாவது: பென்சில்வேனியா, வர்ஜீனியா, ஒஹாயோ

இந்தத் திசையில் பங்குப் பதிவேட்டின் இடத்தில் ராணுவப் பட்டியல் இருக்கிறது. 1764 இலையுதிர்காலத்தில் பிரிட்டிஷ் கர்னல் ஹென்றி பூக்கே மஸ்கிங்கம் ஆற்றங்கரை வரை படையோடு போய், டெலவேர், ஷானி மக்கள் வைத்திருந்த 200க்கும் மேற்பட்டவர்களை ஒப்படைக்கச் செய்தார். அந்தப் பட்டியல்கள் அவருடைய தாள்களில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது மனம் கனக்கும். சிறுவயதிலேயே பிடிபட்டுத் தன் பெயரே மறந்துபோன பிள்ளைகளை, கோணல்கால், புளிப்பு பிளம் என்பது போன்ற அடைமொழிகளால் எழுத்தர் குறித்திருக்கிறார். சிலருக்கு இந்தியப் பெயர் மட்டும். போக மறுத்த சிலரைக் கட்டிக் கொண்டுவந்ததையும், பின்னர் சில பெண்கள் தப்பித் திரும்பி ஓடியதையும் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் உங்கள் குடும்பப் பெயர் இல்லை என்றால், பெயரற்ற பிள்ளைகளின் வயது, ஒப்படைக்கப்பட்ட நாள், எந்த மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார் என்பதைப் பாருங்கள்.

தப்பி வந்தவர்களின் சாட்சியும் முக்கியம். 1755 அக்டோபர் 16 அன்று பென்சில்வேனியாவின் பென்ஸ் கிரீக்கில் பிடிபட்ட மேரி லெ ரூவாவும் பார்பரா லைனிங்கரும் 1759இல் தப்பி வந்து, தங்கள் அனுபவத்தை அதே ஆண்டு பிலடெல்ஃபியாவில் ஜெர்மன் மொழியில் அச்சிட்டார்கள். அதன் முடிவில், தாங்கள் உயிரோடு கண்ட மற்றக் கைதிகளின் பெயர்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள், உறவினர்கள் அறியட்டும் என்று.

வர்ஜீனியாவுக்கு வில்லியம் பிரஸ்டனின் பதிவேடு ஒன்றே பெரிய துணை. அகஸ்டா கவுண்டியில் 1754 முதல் 1758 வரை கொல்லப்பட்டவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் பெயர்களை நாளோடு எழுதியிருக்கிறார். அது விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் உள்ள டிரேப்பர் கையெழுத்துத் தொகுப்பில் இருக்கிறது. மேரி இங்கிள்ஸ் பிடிபட்ட டிரேப்பர்ஸ் மெடோ தாக்குதல் குடும்பக் கதையில் 1755 ஜூலை 8, பிரஸ்டனிடம் ஜூலை 30. இப்படி முரண்பட்டால், நிகழ்ச்சிக்கு அருகில் எழுதப்பட்ட தாளின் பக்கம் நான் சாய்வேன்.

ஏழாவது: இவர்தான் அவர் என்று எப்படிச் சொல்வது?

பெயர் ஒத்துப்போவது சான்றாகாது. 1764 கடைசியில், பூக்கே மீட்டவர்களை உறவினர்களிடம் சேர்த்த கார்லைல் ஊரில், தாய் பாடிய ஜெர்மன் பாட்டைக் கேட்டு மகள் அடையாளம் கண்ட கதையைப் பாதிரியார் மூலென்பெர்க் எழுதி வைத்தார். பிற்காலத்தில் அந்தப் பெண் ரெஜினா ஹார்ட்மன் என்ற பெயரில் புகழ்பெற்றாள், பல ஹார்ட்மன் வம்சாவளிகள் அவளைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் பென்ஸ் கிரீக்கில் பார்பராவோடு பிடிபட்ட தங்கை பெயர் ரெஜினா லைனிங்கர். ஆதாரங்களை அடுக்கிப் பார்த்தவர்கள், பாட்டைக் கேட்டு அடையாளம் கண்ட பெண் இந்த ரெஜினா லைனிங்கர்தான் என்கிறார்கள். குடும்பக் கதை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு கவனமாக அதன் முதல் பதிப்பைத் தேடுங்கள்.

ஃபிரான்சஸ் ஸ்லோகமின் வழக்கு நல்ல பாடம். 1778 நவம்பரில் பென்சில்வேனியாவின் வயோமிங் பள்ளத்தாக்கில் ஐந்து வயதில் தூக்கிச் செல்லப்பட்டவர். 1835இல் இண்டியானாவில் ஒரு வணிகர் மயாமி மக்களிடையே வாழும் வயதான வெள்ளைப் பெண்ணைச் சந்தித்துக் கடிதம் எழுதினார். கடிதம் இரண்டு ஆண்டுகள் கிடப்பில் கிடந்து 1837இல் பத்திரிகையில் வந்தது. அதன் பிறகே உடன்பிறந்தவர்கள் போனார்கள். தகப்பன் பெயரும் பிடிபட்ட இடமும் அவர் நினைவில் இருந்தன. சிறுவயதில் சுத்தியலால் நசுங்கிய விரலும் சொன்னபடி இருந்தது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இப்படிப்பட்ட சான்றுகள் ஒரே திசையைக் காட்டினால்தான் முடிவுக்கு வரலாம். அவர் உடன்பிறந்தவர்களோடு திரும்பிப் போகவில்லை.

மரபணுச் சோதனை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 1704இல் வாழ்ந்தவர் இன்றைக்கு ஒன்பது பத்துத் தலைமுறைக்கு முந்தியவர். சாதாரணச் சோதனையில் அவருடைய பங்கு எதுவுமே உங்களிடம் இல்லாமல் போகலாம். நேர் ஆண்வழிக்கோ நேர் பெண்வழிக்கோ உரிய சோதனைகள் பயன்படும், ஆனால் இரு கிளையின் வாரிசுகளும் முன்வரவேண்டும். ஷானித் தலைவர் புளூ ஜாக்கெட், பிடிபட்டுப்போன ஸ்வேரிங்கன் வீட்டுப் பையன்தான் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். இரு குடும்பத்தின் ஆண்வழி வாரிசுகளையும் சோதித்து 2006இல் வெளியான ஆய்வு அந்தக் கதையைப் பொய்யாக்கியது.

கிடைத்ததைக் கோக்கும்போது, அச்சான சிறைபிடிப்புக் கதைகளை யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்று குறியுங்கள். பல போதகர்களின் கைபட்டவை, பூர்வகுடிகளைப் பற்றிய சொற்கள் கொடியவை. ஆவணத்தை மாற்றவேண்டாம், உங்கள் வாக்கியத்தில் அந்தச் சொற்கள் வேண்டாம். பிரிவு ஒரு பக்கம் மட்டும் நேரவில்லை என்பதையும் வம்சக் குறிப்பில் எழுதுங்கள். 1670களில் நியூ இங்கிலாந்துக் குடியேறிகளோடு பூர்வகுடித் தலைவர் மெட்டகாம் நடத்திய போர் முடிந்தபோது, அவருடைய மனைவியும் ஒன்பது வயது மகனும் பிடிபட்டார்கள். அந்தப் பையனைக் கொல்வதா விற்பதா என்று போதகர்களிடம் கேட்டார்கள், கடைசியில் அடிமையாக விற்றார்கள். அதே போரில் நூற்றுக்கணக்கான பூர்வகுடிகள் இப்படிக் கடல்கடந்து விற்கப்பட்டார்கள். அவர்களுடைய வாரிசுகளும் இன்று இதே காப்பகங்களில்தான் தேடுகிறார்கள்.

தேடல் எங்காவது நின்றுபோனால் புதிய தளங்களுக்குத் தாவுவதற்கு முன் பழைய பட்டியலை எடுங்கள். கூடப் பிடிபட்டவர்களில் கியூபெக்கில் தங்கிய ஒருவரைத் தேர்ந்து, அவருடைய எல்லாப் பிள்ளைகளின் திருமுழுக்குப் பதிவிலும் ஞானப் பெற்றோர் பெயரை வரிசையாக எழுதுங்கள். பிறகு அடுத்தவர். இதையே ஒவ்வொருவருக்கும் செய்துகொண்டு போங்கள். வயதும் பிறந்த ஊரும் ஒத்துவரும் ஒரு புதுப் பெயர் இரண்டாவது முறை தலைகாட்டும்போது, அவருடைய திருமண ஒப்பந்தத்தை நோட்டரித் தாள்களில் தேடி எடுங்கள். பெற்றோர் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கும்.